டிரினிடாடில் சொன்ன ‘ஆமா’

மாது கையில் எந்த வாத்தியத்தைக் கொடுத்தாலும் அரை நாளில் மடக்கிவிடுவார் என்று பாலக்கோடு பேண்டு செட்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. தப்பு மேளம் அவருக்கு அப்பன் வழியாக வந்தது. பம்பையை, காரிமங்கலத்துப் பக்கம் ஒரு குழுவோடு மூன்று ஆடி மாதம் சுற்றித் திரிந்து கற்றுக்கொண்டார். டிரம்பெட் வாசிக்கிறவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட, ஒப்புக்கொண்ட கல்யாணத்தை விட முடியாமல் குழாயை எடுத்து வாயில் வைத்தவர், பதினெட்டு வருஷமாக அதைக் கீழே வைக்கவில்லை. ரிசப்ஷன் கச்சேரிகளில் ரிதம் பேடு அடிப்பார். மாரண்டஹள்ளியில் ஒரு கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் கீபோர்டு வாசிக்க ஆள் வராமல் போனபோது, அதையும் உட்கார்ந்து ஒப்பேற்றியிருக்கிறார்.

வெளியே இப்படி. சொந்த ஊரான கரடிமடுவில் அவர் ‘மோளக்கார மாது’, அவ்வளவுதான். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு தார் ரோடு. மாரியம்மன் கோயில் ஊர்ப்பக்கம் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் மாதுவும் இன்னும் நாலு பேரும் கோயிலின் இரும்பு கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் நின்று அடிக்க வேண்டும். சத்தம் உள்ளே போகலாம், ஆள் போகக்கூடாது. அவர்கள் அடிக்கிற அடியில்தான் உள்ளே பெண்களுக்கு அருள் வரும். அருள் வந்த வாய் ஊரில் எத்தனையோ பேருடைய குறையைச் சொல்லியிருக்கிறது. கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நாற்பத்தேழு வயது வரைக்கும் மாது அந்த அம்மன் முகத்தைப் பார்த்தது தேரில் வரும்போதுதான். அதுவும் பூமாலைக்கு நடுவில் கொஞ்சம் மூக்குத்தி, கொஞ்சம் கண்.

ஒருநாள் சேலத்திலிருந்து அமுதவல்லி போன் செய்தார். நாட்டுப்புறக் கலைகளை ஆராய்ச்சி செய்து ஓய்வுபெற்ற பேராசிரியை. மாதுவின் தப்பாட்டத்தை இரண்டு தடவை பதிவு செய்திருந்தார்.

“மாது, கரடிமடுவுதானே உங்க ஊரு? டிரினிடாடுன்னு ஒரு தீவு இருக்கு...”

“கிரிக்கெட்ல வெஸ்ட் இண்டீஸ்ன்றாங்களே, அந்தப் பக்கமுங்களா மேடம்?”

“அதே பக்கம்தான். நூறு வருஷத்துக்கு முன்னால கரும்புத் தோட்டத்து வேலைக்குன்னு நம்ம ஆளுங்கள கப்பல்ல கூட்டிட்டுப் போனாங்க. அவங்க வம்சம் கட்டின மாரியம்மன் கோயில்ல பெரிய பூஜை. கரடிமடுவுல இருந்தே ஒரு மேளக்காரர் வேணும்னு அங்க ஒருத்தர் குறிப்பா எழுதியிருக்கார்.”

அப்படி எழுதினவர் பெயர் லெனார்ட் மூனியாப்பன். அறுபத்து மூன்று வயது. எல்லோருக்கும் லெனி.

அடுத்த ஜனவரியில் மாது மூன்று விமானம் மாறி அந்தத் தீவில் இறங்கினார். லெனி கறுத்து, நெடுநெடுவென்று, நரைத்த சுருட்டை முடியோடு நின்றார். அவருடைய பாட்டி ஆப்பிரிக்க வம்சம். தமிழில் ‘அம்மா’, ‘தண்ணி’, ‘தப்பு’ என்ற மூன்று வார்த்தைதான் தெரியும். மாதுவின் ஆங்கிலம் பேண்டு செட்டில் காதால் பழகின ஆங்கிலம். நடுவில் போனில் மொழிபெயர்க்கிற ஆப் ஒன்று. அதுவும் திணறினால், வீடியோ காலில் மாதுவின் மகள் எழிலரசி. தர்மபுரியில் பி.எஸ்சி. முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

லெனி எண்ணெய் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு ஒரு நாள் சுற்றினாலே மாதுவுக்குத் தலை கிறுகிறுக்கும். காலையில் கோயிலில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சித் தப்பு அடிப்பார். பத்து மணிக்குக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு சர்ச்சில் ஒரு சாவுக்கு டிரம்பெட் ஊதுவார். மத்தியானம் ஒரு கல்யாண வீட்டில் கழுத்தில் தாஷா மோளத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு பெண்ணழைப்புக்கு முன்னால் அடித்துப் போவார். சாயங்காலம், கார்னிவலுக்குப் பயிற்சி நடக்கிற திறந்தவெளி ஒன்றில் நூறு பேரோடு நின்று ‘பேன்’ வாசிப்பார். டிசம்பர் வந்துவிட்டால் நாலு கம்பி வைத்த சின்னக் கிதாரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஸ்பானிஷ் பாட்டு பாடுவாராம். அவருக்கு ஸ்பானிஷும் தெரியாது.

பேன் என்பது எண்ணெய் டிரம்மின் அடித்தகடு. அதைக் குழியாகத் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரம் பிறக்க வைத்திருக்கிறார்கள். முதல் நாள் அதைக் கேட்டபோது, தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற மாதிரி இருந்தது மாதுவுக்கு. அதன் கதையையும் லெனி சொன்னார். வெள்ளைக்காரன் ஆட்சியில் கறுப்பர்கள் மோளம் அடிக்கக்கூடாது என்று தடை போட்டானாம். மூங்கிலை வெட்டித் தரையில் குத்தி அடித்திருக்கிறார்கள். அப்புறம் பிஸ்கட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி, கடைசியில் எண்ணெய் டிரம். பேன்காரன் என்றால் ரவுடி என்று போலீஸ் அடித்த காலம் உண்டு. இன்றைக்கு அதுதான் அந்த நாட்டுக்கே வாத்தியம்.

மாது லெனியிடம் குச்சிகளை வாங்கி ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் கும்பலோடு நின்று வாசித்தார். பக்கத்தில் நின்ற கறுப்பினப் பெண்மணி ஒருத்தி அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, “இவன் நம்ம ஆள்!” என்று கத்தினாள்.

மாதுவுக்கு ஒரே ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டார்.

“சாவுக்கு வாசிச்சிட்டு வந்து கோயில்ல வாசிச்சா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

எழிலரசி மொழிபெயர்த்தாள். லெனிக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டு, “குளிச்சிட்டுத்தானே வர்றேன்?” என்றார்.

பூஜை அன்றைக்குப் பூசாரி கருவறை வாசலில் நின்று, உள்ளே வா என்று மாதுவைக் கைகாட்டி அழைத்தார். மாது தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. அங்கே வழக்கம் அப்படி: தப்புக்காரர் அம்மனுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும், அவர் அடித்து அழைத்தால்தான் அம்மன் வருவாள், அதுவரை பூசாரி காத்திருக்க வேண்டும். மாது கை எட்டுகிற தூரத்தில் அந்த முகத்தைப் பார்த்தார். நெற்றியில் பொட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. அதைப் பார்த்ததும் ஏனோ அழுகை வந்துவிட்டது. முதல் அடி தப்பிப்போயிற்று. பிறகு அடித்தார். அப்படி அவர் வாழ்நாளில் அடித்ததில்லை என்று அவரே பிறகு மகளிடம் சொன்னார். ஜனங்கள் அர்த்தம் தெரியாமல், தேய்ந்துபோன தமிழில் அம்மன் வர்ணிப்புப் பாடினார்கள். பூஜை முடிந்ததும் கிழவிகள் வரிசையாக வந்து அவருடைய உள்ளங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் லெனி கேட்டார். “உங்க ஊர்க் கோயில்லயும் நீங்க இப்படித்தான் நிப்பீங்களா? அம்மனுக்கு நேரா?”

உள்ளங்கை இன்னும் சூடாக இருந்தது. சுற்றிலும் முப்பது முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆமா” என்றார் மாது.

லெனி வீட்டு ஹாலில் ஒரு காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். 1911-ல் அவருடைய பாட்டனார் முனியப்பன் கப்பலேறியபோது எழுதிக்கொடுத்த சீட்டு. எழிலரசி போன் திரையில் எழுத்துக் கூட்டி வாசித்தாள். பெயர், தகப்பன் பெயர், வயது இருபத்திரண்டு, ஜில்லா சேலம், தாலுகா தர்மபுரி, ஊர் கரடிமடுவு. பிறகு அவள் குரல் தாழ்ந்தது.

“நைனா, சாதின்னு ஒரு கட்டம் இருக்குது. அதுல நம்மளத்தான் எழுதியிருக்குது.”

மாது நிமிர்ந்து லெனியைப் பார்த்தார். எதிரே நிற்கிறவர் தன் ரத்தம். கட்டிப்பிடித்துச் சொல்லியிருக்கலாம். லெனி அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்து, “இது என்ன?” என்று கேட்டார். அகராதியில் பார்த்தால் என்னவோ மோசமாகப் போட்டிருக்கிறது, ஆனால் ஊர்க்காரர் நீங்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும் என்றார். ரோட்டையும் கேட்டையும் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அதுவும் ‘ஆமா’ என்று சொன்ன வாயால்?

“மோளக்காரங்கன்னு அர்த்தம்” என்றார் மாது, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே. “உங்க பாட்டனும் என்னாட்டம் மோளம் அடிக்கிற வம்சம்.”

“நைனா” என்று போனில் எழிலரசி ஆரம்பித்தாள். மாது திரையை மார்போடு சேர்த்து மூடிக்கொண்டார். லெனி சந்தோஷத்தில் அவரைத் தூக்கிச் சுற்றினார்.

ஊர் திரும்பின பிறகு லெனி வாரத்துக்கு ஒரு முறை பேசினார். அடுத்த சித்திரைக்குக் கரடிமடுவு வருவதாகச் சொன்னார். வெயில் தாங்காது என்றார் மாது. திருவிழா நடக்குமோ என்னமோ என்றார். லெனி டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார்.

செய்தி எப்படியோ ஊருக்குள் போனது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற ரஞ்சித்குமார், கரடிமடுவிலிருந்து கப்பலேறிப் போன வம்சம் நூற்றுப் பதினாலு வருஷம் கழித்து அம்மனைப் பார்க்க வருகிறது என்று வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். கோயில் தர்மகர்த்தா கிருஷ்ணப்பன் மாதுவை வரச்சொன்னார். மாது அவர் வீட்டு வாசலில் நின்றார்.

“ஏன்டா மாது, வெளிநாட்டுல இருந்து வர்றவரு எந்த வகையறாடா? முனியப்பன்னு பேரு சொல்றாங்க. எங்க கொள்ளுத்தாத்தன் கூடப்பொறந்தவன் ஒருத்தன் காணாமப் போனான்னு எங்க ஆயா சொல்லும். அதுவா இருக்குமோ?”

“தெரியலைங்க.”

“சரி வுடு. யாரா இருந்தாலும் நம்மூட்டு ஆளு. பரிவட்டம் கட்டி, மேளதாளத்தோட உள்ள கூட்டிட்டுப் போவணும். நல்லா அடிக்கணும், ஆமா.”

வீட்டில் எழிலரசி பிடித்துக்கொண்டாள். “போய் லெனிகிட்ட உள்ளதச் சொல்லிடு நைனா. நீ சொல்லலைன்னா ஊர்க்காரங்க சொல்லுவாங்க.” மாதுவின் மனைவி பானுமதியும் அதையே சொன்னாள். திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் மாது தர்மபுரியில் லெனி தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனார்.

லெனி கட்டில் மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். ஒரு பேன், துணி சுற்றி. பக்கத்தில் மஞ்சள் பட்டுப் புடவை ஒன்று. அங்கே கோயில் பெண்கள் ஆறு மாதம் உட்கார்ந்து கரை முழுக்கக் கையால் பூவேலை செய்தது. லெனி அதை விரித்துக் காட்டியபோது மாது கரையில் இருந்த பூவை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

“அந்தச் சீட்டு” என்றார் கடைசியில். “அது ரூமுலயே இருக்கட்டுமே. கூட்டத்துல கிழிஞ்சு போயிடும்.”

“லேமினேட் பண்ணிட்டேன்” என்று சிரித்தார் லெனி. “அதைக் காட்டத்தானே வந்திருக்கேன்?”

மாது டீ குடித்துவிட்டு பஸ் ஏறினார். காரிமங்கலம் வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பதினொரு மணி வெயிலில் லெனிக்கு மாலை போட்டுக் காரிலிருந்து இறக்கினார்கள். கிருஷ்ணப்பன் தன் கையால் பரிவட்டம் கட்டினார். மாதுவும் மற்ற நாலு பேரும் கேட்டுக்கு வெளியே அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாலு அடி போன லெனி திரும்பி, “மாது, வா” என்று கையசைத்தார். மாது தலையைக் குனிந்துகொண்டு அடியை வேகப்படுத்தினார்.

“அவன் வேலை அங்கதாங்க” என்று கிருஷ்ணப்பன் லெனியின் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப் போனார்.

புடவையை அம்மனுக்குச் சாத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். பிறகு மண்டபத்தில் லெனி பைக்குள்ளிருந்து சீட்டை எடுத்தார். ரஞ்சித்குமார் ஒரு கையில் மைக்கும் ஒரு கையில் சீட்டுமாக நின்று, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று வாசித்தான். கரடிமடுவு என்ற பெயர் வந்ததும் கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. மாதுவின் குழு சத்தத்தை நிறுத்திவிட்டிருந்தது. ஸ்பீக்கர் ரோடு வரைக்கும் கட்டியிருந்தார்கள்.

“சாதி...” என்றான் ரஞ்சித்குமார். நின்றுவிட்டான்.

மைக் இரைந்தது. பழைய கையெழுத்து புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார் லெனி. உதவி செய்கிற ஆசையில் மைக்கை வாங்கி, அந்த வார்த்தையை அவரே வாசித்தார். சந்தோஷமாக வாசித்தார். பிறகு கேட்டுக்கு வெளியே விரலை நீட்டி, “மோளக்காரங்க! அதோ, மாது மாதிரி! மாது என் ரத்தம்!” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவு ஆங்கிலம் கரடிமடுவில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கிருந்தோ ஒரு பொம்பளைச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. கிருஷ்ணப்பனின் கை லெனியின் தோளிலிருந்து இறங்கியது. யாரும் அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. “அய்யாவுக்கு வெயிலு ஒத்துக்காது, கார்ல உக்கார வைங்க” என்றார் கிருஷ்ணப்பன். அவர் வீட்டில் இலை போட்டு ஏற்பாடு செய்திருந்த சாப்பாடு இன்னும் ஆகவில்லை என்று தகவல் வந்தது. டிரைவரிடம் ரஞ்சித்குமார் கண்ணைப் பார்க்காமல், “காலனிக்கு வுட்டுடுங்கண்ணா” என்றான்.

லெனி மாதுவின் வீட்டில் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். பரிவட்டம் இன்னும் தலையில் இருந்தது. எழிலரசி எல்லாவற்றையும் சொன்னாள். ரோடு, கேட்டு, சீட்டில் இருந்த வார்த்தை, அதற்கு இந்த ஊர் வைத்திருக்கிற பொருள். லெனி அவளைக் கடைசி வரை பேசவிட்டார். பிறகு மாதுவைப் பார்த்தார். லெனி பேசப் பேச மகள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

“உனக்குத் தெரியும். தெரிஞ்சே என்னைத் தனியா உள்ளே அனுப்பினே.”

“அவரு மனசு வருத்தப்படக்கூடாதுன்னுதான்னு சொல்லு புள்ள...”

“உன்கிட்ட நான் என்ன கேட்டேன்? உண்மை தெரிஞ்சிருந்தா உன் பக்கத்துல ரோட்டுல நின்னு நானும் அடிச்சிருப்பேன். அதுக்குத்தான் அத்தனை தூரம் வந்தேன். அதை நீ எடுத்துக்கிட்டே.”

லெனி தலைத்துணியை அவிழ்த்து மடித்துத் தரையில் வைத்தார். பானுமதியிடம் மட்டும் கைகூப்பினார். பேனைத் தூக்கிக்கொண்டு காரேறிப் போய்விட்டார். அன்றிலிருந்து மாது அனுப்பின எந்தச் செய்திக்கும் பதில் வந்ததில்லை.

மறுநாள் காலையில் கோயிலைக் கோமியமும் மஞ்சத்தண்ணியும் விட்டுக் கழுவினார்கள். பட்டுப்புடவை காலனி முனையில் முள்வேலி மேல் கிடந்தது. பானுமதிதான் போய் எடுத்தாள். முள்ளில் மாட்டின இடமெல்லாம் நூல் இழுத்துக்கொண்டு வந்தது. காலனிக்குள் இருக்கிற சின்ன அம்மன் கல்லுக்கு அதைச் சாத்தலாம் என்று சொல்லிப் பார்த்தாள். “வேணாம் ஆத்தா, வம்புக்குச் சாத்தறோம்பாங்க” என்று காலனிப் பெரியவர்களே தடுத்துவிட்டார்கள்.

எழிலரசி அப்பனைக் கேட்காமல் போய், கோயிலைக் கழுவியதைப் பற்றிப் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தாள். அதன் பிறகு பத்து நாள் காலனிக்காரர்களுக்குத் தோட்ட வேலை இல்லை, சொசைட்டியில் பால் ஊற்ற இடம் இல்லை. பக்கத்து வீட்டு முருகேஷ் வந்து நின்று, “அண்ணா, எங்களுக்கும் புள்ளைங்க இருக்குதுங்க” என்றார். அதிகாரி ஒருவர் முன்னால் இரண்டு தரப்பையும் உட்கார வைத்தார்கள். கோயிலைக் கழுவியது திருவிழா முடிந்தால் வழக்கமாகச் செய்வதுதான் என்று எழுதின காகிதத்தை மாதுவிடம் நீட்டினார்கள். எழிலரசி அப்பன் முகத்தையே பார்த்தாள். மாது கையெழுத்துப் போட்டார். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அடுத்த சித்திரைக்கு வெளி மாவட்டத்திலிருந்து செண்டை மேளம் வந்தது. சிவப்புக் கரை வேட்டி கட்டின பன்னிரண்டு பேர். மண்டபத்துக்குள் நின்று அடித்தார்கள். நீங்கள் என்ன ஆளுங்க என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. மாது அன்றைக்கு ஓசூரில் ஒரு கல்யாணத்துக்கு டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார். தப்பை அவர் எடுத்து இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எழிலரசி அந்த ஜூன் மாதம் சென்னைக்குப் படிக்கக் கிளம்பினாள். காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பெட்டியை மேலே ஏற்றிக் கொடுத்துவிட்டு மாது ஜன்னலோரம் நின்றார். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவள் அவரிடம் சோறு, தண்ணி தவிர வேறு பேசியதில்லை.

“நான் படிச்சு முடிச்சாலும் இந்த ஊர்ல வந்து இருக்க மாட்டன் நைனா” என்றாள்.

“இருக்காத” என்றார் மாது.

பஸ் கிளம்பியது. அவள் திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை. கண்ணாடியில் வெயில் அடித்தது. பதினொரு மணிக்குப் பாலக்கோட்டில் ஒரு சாவு வாசிப்பு இருந்தது. மாது டிரம்பெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார்.